ஹெட்போன்: சமையலறையிலிருந்து கலையகத்துக்கு

பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் ஹெட்போனைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. தம் வீட்டு மூத்தோரின் நினைவுகளைக் குரலாகப் பதிந்து வைக்க விரும்புவோர் என்னிடம் முதலிற் கேட்பது, எந்த ஒலிவாங்கியை வாங்கலாம் என்பதே. பதிவாகும் குரலை எதனாற் கேட்பது, அதனை இயக்கப் போதிய மின்வலு எங்கிருந்து வரும் என்று கேட்பவர் மிகச் சிலர். இவ்விரு வினாக்களுக்கும் ஹெட்போனின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

1910ஆம் ஆண்டு, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் போல்ட்வின் என்பவர், தாம் செய்த ஹெட்போன்களை அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். ஐயத்தோடு சோதித்த அதிகாரிகள், அது தம்மிடமிருந்தவற்றை விஞ்சுவதைக் கண்டு நூறு வேண்டுமென்றனர். ஒரு தடவையில் பத்துக்கு மேல் செய்ய இயலாது என்றார் போல்ட்வின். அவருடைய தொழிற்சாலை வீட்டுச் சமையலறை!

அக்காலத்துக் கம்பியில்லாத் தந்தியில், பெறப்படும் சமிக்ஞையைப் பெருக்கித் தரும் அம்பிளிபயர் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. வானிலிருந்து வந்த அற்ப மின்சாரமே காதருகேயிருந்த தகட்டை அசைக்கவேண்டும். அதற்காக மயிரிழை போன்ற கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகளாகச் சுற்றினர். ஆதலால் ஹெட்போன்களின் மின்னெதிர்ப்பு ஆயிரக்கணக்கான ஓம் அளவில் இருந்தது. 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி தொடங்கிய காலத்திலும், படிகக் கருவி வைத்திருந்தோருக்கு இத்தகைய ஹெட்போனே துணை.

1937இல் ஜேர்மனியின் பேர்லின் நகரில் ஒயிகன் பேயரின் நிறுவனம் டி.டி. 48 என்னும் ஹெட்போனை வெளியிட்டது. காந்தப் புலத்தினுள் சுருளே அசையும் முறையை ஹெட்போனுக்குக் கொண்டுவந்தது அதுவே. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு அது தயாரிப்பில் இருந்தது. 1958இல் மில்வோக்கி நகரின் ஜோன் கொஸ், இசை கேட்போருக்கான ஸ்டீரியோ ஹெட்போனைக் காட்சிக்கு வைத்தார். 1968இல் செனைசர் நிறுவனத்தின் எச்.டி. 414, காதை அடைத்து மூடாத திறந்த அமைப்பை அறிமுகம் செய்தது. அதன் மின்னெதிர்ப்பு 2000 ஓம்.

கலையகங்கள் உயர்ந்த ஓம் அளவை விரும்பியதற்குத் தகுந்த காரணம் உண்டு. 600 ஓம் ஹெட்போன்கள் பத்தினை ஒரே அம்பிளிபயரில் பக்கம்பக்கமாக இணைத்தாலும் மொத்த எதிர்ப்பு 60 ஓம், கருவி தாங்கிக்கொள்ளும். 32 ஓம் ஹெட்போன்கள் பத்தென்றால் 3.2 ஓம் மட்டுமே. பல அம்பிளிபயர்கள் அதனைத் தாங்கா. ஆனால் 1979இல் சோனியின் வோக்மன் வந்தது. இரண்டு சிறிய பற்றரிகளின் குறைந்த வோல்ற்றளவில் ஒலி தரவேண்டியிருந்தமையால், குறைந்த ஓம் கொண்ட ஹெட்போன்கள் பெருகின. இவ்வாறே இரு குடும்பங்கள் பிரிந்தன.

இதன் விளைவைச் சிறு கணக்கொன்று காட்டும். ஒரு வோல்ற்று அழுத்தம் 32 ஓம் ஹெட்போனுக்கு ஏறத்தாழ 31 மில்லிவாற்று வலுவைத் தருகிறது. 600 ஓம் என்றால் 1.7 மில்லிவாற்றுக்கும் குறைவு. எனவே கையடக்கப் பதிவுக் கருவியோடு செல்பவர் 32 முதல் 80 ஓம் வரையிலானதைத் தெரிவதே முறை. 1991இல் வந்த சோனியின் எம்.டி.ஆர். 7506 இவ்வகையில் 63 ஓம் கொண்டது. 250 ஓம், 600 ஓம் வகைகளுக்குத் தனி அம்பிளிபயர் தேவைப்படலாம். ஓம் அளவோடு, ஒரு மில்லிவாற்றுக்கு எத்தனை டெசிபல் என்னும் உணர்திறனையும் பாருங்கள். அம்பிளிபயரின் வெளியீட்டு எதிர்ப்பு, ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படாதிருப்பது நல்லது.

பதிவின்போது மூடிய வகையே ஏற்றது. திறந்த வகையின் ஒலி கசிந்து ஒலிவாங்கியிற் புகும். அமைதியான அறையில் பதிவைச் செம்மை செய்வோருக்குத் திறந்த வகை பொருந்தும்.

இவை வெறும் தொழில்நுட்ப நுணுக்கங்கள் அல்ல. வலுப் போதாத ஹெட்போனில் குரல் தாழ்ந்து கேட்கும். கேட்பவர், பேசுபவரே மெல்லப் பேசுகிறார் என்றெண்ணிப் பதிவின் அளவை உயர்த்திவிடுவார். குரல் எல்லை கடந்து உடைந்து பதிவாகும். உடைந்த குரலை முழுமையாகச் சீராக்க இன்றுள்ள மென்பொருள்களாலும் இயலாது. தொண்ணூறு வயதுப் பாட்டியிடம் அதே கதையை அதே தொனியில் மீண்டும் சொல்லக் கேட்க முடியுமா?

மறுபுறம், வலு மிகுந்தாலும் ஆபத்தே. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேற் கேட்கலாகாது என்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்நேரம் பாதியாகக் குறையும்.

ஆகவே, பதிவைத் தொடங்குமுன் அளவுகாட்டியைக் கண்ணாற் பார்த்துப் பதிவின் அளவைச் சரிசெய்யுங்கள். ஹெட்போனின் ஒலியளவைப் பின்னர் தனியாக அமையுங்கள். மின்விசிறியின் இரைச்சல், சேலை உரசும் ஓசை, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி எல்லாம் அப்பொழுதே தெரியவரும். அவற்றை அகற்ற அதுவே தக்க வேளை.