அச்சு தீர்மானிக்கும் உருவம்

வங்கத்துச் சந்திரகேதுகரின் சுடுமண் பலகைகளைப் பற்றி எழுதும்போது, அவற்றின் ஆழம் குறைந்த தட்டையான வடிவை ஒரு 'பாணி' என்றே பெரும்பாலும் குறிக்கிறோம். அண்மையில் வீட்டு மேசையில் சிலிக்கோன் அச்செடுத்து, விரல் நீளச் சிற்றுருவங்களை ரெசினில் வார்த்துப் பார்த்தபின், அச்சொல்லின்மீது எனக்கு ஐயம் எழுந்துள்ளது.

உருவத்தின் கை உடலைவிட்டு விலகி வளைந்தால், அதன் பின்னே ஓர் உட்குடைவு உண்டாகும். கடினமான அச்சு அங்கே மாட்டிக்கொள்ளும். இழுத்தால் உருவம் முறியும். இச்சிக்கலுக்கு வரலாறு மூன்று விடைகளைத் தந்துள்ளது.

முதல் விடை, உட்குடைவைத் தவிர்ப்பது. பொ.ஆ.மு. 2, 1ஆம் நூற்றாண்டுகளில் சந்திரகேதுகர், கௌசாம்பி, மதுரா ஆகிய இடங்களின் கைவினைஞர்கள் சுட்டமண் அச்சில் ஈரக் களிமண்ணை விரலால் அழுத்தி எடுத்தனர். அணிகலன்கள் நுட்பமாகப் பதிந்தன. ஆழம் மட்டும் குறைவு. ஓர் அச்சு பல படிகளைத் தந்தது.

இரண்டாவது, அச்சையே அழிப்பது. மெழுகு உருவத்தின்மீது மண் பூசிச் சூடாக்கி, உருகிய மெழுகை வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றி, இறுதியில் மண்ணை உடைப்பர். மொகஞ்சதாரோவில் 1926இல் கிடைத்த, 10.5 செ.மீ. உயரமே உள்ள நடனமங்கையின் கைக்கும் இடுப்புக்கும் இடையே வெளி திறந்திருப்பது இதனால்தான். 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய 'மானசோல்லாசம்' இம்முறையை விவரிக்கிறது. மெழுகின் எடையைப் போல் வெள்ளி 12 மடங்கும் பொன் 16 மடங்கும் வேண்டும் என அளவும் வகுக்கிறது. பஸ்தரின் டோக்ரா கைவினைஞர்களிடம் இம்மரபு இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. இங்கே ஓர் அச்சுக்கு ஓர் உருவமே.

மூன்றாவது, வளையும் அச்சு. இது 20ஆம் நூற்றாண்டின் சிலிக்கோன் ரப்பர் தந்தது. என் முதல் முயற்சி வீணாயிற்று: மூல உருவம் செய்த களிமண்ணில் கந்தகம் இருந்ததால், அதைத் தொட்ட சிலிக்கோன் இறுகாமல் பிசுபிசுத்தது. மண்ணை மாற்றியபின் பத்து உருவங்கள் கிடைத்தன. பத்தின் தோளிலும் மூலத்தில் பதிந்த என் ஒரே விரல்ரேகை.

அந்த ரேகைதான் சுடுமண் பலகைகளின் பின்புறத்தை நினைவூட்டிற்று. ஒரே அச்சில் எடுத்த படிகளின் முன்புறம் ஒத்திருக்கும்; பின்புறத்து விரல் தடங்களோ படிக்குப் படி வேறுபடும். மேலும், களிமண் உலரும்போதும் சுடும்போதும் சுருங்கும். ஒரு பலகையிலிருந்து புதிய அச்செடுத்தால், அடுத்த தலைமுறைப் படிகள் சற்றுச் சிறுத்து, கோடுகள் மழுங்கும். மழுங்கிய படியைக் கண்டதும் 'கலையின் சரிவு' என எழுதிவிடுகிறோம். அது அச்சின் தலைமுறையாக இருக்கலாம்.

பாணி என்ற சொல்லைக் கைவிட வேண்டும் என்பதன்று என் கருத்து. எதை வடிப்பது, எதை விடுப்பது என்ற தேர்வு கைவினைஞருடையதே. ஆயினும் பலகைகளை ஆராயும் மாணவர்கள் முன்புறப் படத்தோடு நின்றுவிடாமல், உயரத்தையும் தடிமனையும் அளந்து, பின்புறத்தையும் பதிவுசெய்ய வேண்டும். செய்தவரின் கை அங்கேதான் இருக்கிறது.