திருநெல்வேலி எழுப்புதல்

எழுப்புதல் என்பது, திருச்சபையில் ஏற்கெனவே உறுப்பினராக உள்ளவர்கள் தம் விசுவாசத்தில் புத்துயிர் பெறுவதைக் குறிக்கத் தமிழ்க் கிறித்தவர்கள் வழங்கும் சொல்லாகும். புதியவர்கள் சபையில் சேர்வது அதன் விளைவாக நிகழலாம். அதுவே எழுப்புதல் ஆகாது.

இதன் தேவை திருநெல்வேலியில் வெளிப்படையாகத் தெரிந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு மக்கள் ஊர் ஊராகக் கிறித்தவத்தைத் தழுவினர். உறவினரோடு சேர்ந்து வந்த பலருக்கு வழிபாடு மாறியது. சாதி வேற்றுமை நீங்கவில்லை.

இரேனியஸ் ஐயரிடம் பயின்றவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867). அந்தோனி நாரிஸ் குரோவ்சின் கருத்துகளால் ஈர்க்கப்பட்ட அவர், மிஷன் சங்கத்தின் சம்பளம் இன்றி ஊழியம் செய்தார். 1840இல் கிறிஸ்தியான்பேட்டையை நிறுவினார். வட அயர்லாந்தில் 1859இல் நடந்த எழுப்புதல் பற்றிய செய்தி அவரைத் தூண்டியது. 1860இல் அவரைச் சார்ந்த சபைகளில் எழுப்புதல் தொடங்கியது. மக்கள் அழுது பாவங்களை அறிக்கையிட்டனர். சிலர் அந்நிய பாஷைகளில் பேசினர். சம்பளம் பெறாத ஆண்களும் பெண்களும் ஊர்களுக்குச் சென்று பிரசங்கித்தனர். மிஷனரிகள் சிலர் இதன் உணர்ச்சிப் பெருக்கைக் கண்டு தயங்கினர்.

அத்தயக்கம் காரணமற்றதன்று. திருவிதாங்கூரில் 1873 முதல் பரவிய எழுப்புதலிலிருந்து பிரிந்த யுயோமய சபையார், 1881இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்து ஏமாந்தனர்.

கண்ணீரும் தரிசனமும் எழுப்புதலின் அடையாளங்களாக இருக்கலாம். அதன் அளவுகோல் ஆகா. மனந்திரும்பிய வாழ்வும், பிறர் கையை எதிர்பாராமல் தன் காலில் நிற்கும் சபையுமே அதன் நிலையான கனிகள்.