மதில் தாண்டும் இரட்டைப் புள்ளி

சமயபுரத்திற்குத் தெற்கே, கொள்ளிடத்திற்கு அப்பால் உள்ள திருவரங்கத்தின் ஏழு திருச்சுற்றுகளைப் போலக் கணினிக் கோப்புகளும் ஒன்றனுள் ஒன்றாக அமைந்த அடைவுகளில் வைக்கப்படுவதால், 'ஒரு படி மேலே' எனப் பொருள்படும் இரட்டைப் புள்ளியைக் கோப்புப் பெயரில் திரும்பத் திரும்பப் புகுத்துபவர் வெளிச்சுற்றுக்கு நழுவி, காணக்கூடாத கோப்பைப் படித்துவிடலாம். இதுவே பாதை தாண்டல் எனும் பிழை. 2000இல் மைக்ரோசாஃப்ட்டின் ஐஐஎஸ் வலைச் சேவையகத்தில் வெளிப்பட்ட இத்தகைய ஓட்டையை மறு ஆண்டு நிம்டா புழுவும் பயன்படுத்திக்கொண்டது. காவலுக்கு நின்ற மென்பொருளே வழிவிட்டதுதான் விந்தை: 2021 டிசம்பரில் கண்காணிப்புக் கருவியான கிராஃபானாவிலும், 2024இல் பாதுகாப்புப் பதிவுகளை ஆராயும் ஸ்பிளங்கிலும் இதே வகைப் பிழை அறிவிக்கப்பட்டது. ஸ்பிளங்கின் பிழை விண்டோஸ் நிறுவல்களை மட்டுமே பாதித்தது; அது 9.2.2 உள்ளிட்ட பதிப்புகளில் திருத்தப்பட்டது. இதேபோல, பல கணினிகள் கோப்புகளைத் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் கொத்து அமைப்பில், வந்த கோப்பின் பெயரைச் சோதிக்காமல் ஏற்றால், கைப்பற்றப்பட்ட ஒரு கணினியே மற்றவற்றுக்கும் வாயிலாகலாம்.