நாற்பத்தேழு கோல்கள்

தைவான் பெண்கள் பசிபிக் கால்பந்துக் கோப்பையை இரண்டு முறை தட்டிச் சென்ற கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். 1986-ல் கிறைஸ்ட்சர்ச்சில் ஆஸ்திரேலியாவை 4-1, 1989-ல் பிரிஸ்பேனில் நியூசிலாந்தை 1-0. ஆசியக் கூட்டமைப்பில் சீனா நுழைய, தைவான் வெளியே தள்ளப்பட்டு, ஓஷியானியாவில் ஒண்டுக்குடித்தனம் நடத்திய காலம் அது. அப்புறம் அது மூட்டை கட்டிக்கொண்டு ஆசியாவுக்கே திரும்பிவிட்டது. வீடு மறுபடியும் பழைய ஆட்கள் கைக்கு வந்தது.

1991 மே மாதம் சிட்னியில் மூன்றே மூன்று அணிகள் கூடின: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பப்புவா நியூ கினி. அதுவரை இந்தக் கோப்பைக்கு வெறும் கௌரவம்தான். இந்த முறை அதன் பின்னால் பெரிய பரிசு ஒன்று இருந்தது. பெண்களுக்கான முதல் உலகக் கோப்பையை அந்த ஆண்டு நவம்பரில் சீனாவில் நடத்த ஃபிஃபா முடிவு செய்திருந்தது. ஓஷியானியாவுக்கு அதில் ஒரே இடம். சிட்னியில் ஜெயிப்பவர் சீனாவுக்குப் போகலாம்.

ஒவ்வொரு அணியும் மற்ற இரண்டோடும் இரண்டிரண்டு முறை மோத வேண்டும். பக்கத்து வீட்டுப் பங்காளிகளான ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஆளுக்கு ஒரு ஆட்டத்தை 1-0 என்று ஜெயித்தார்கள். இரண்டு பேருமே பப்புவா நியூ கினியை இரண்டு முறையும் வென்றார்கள். புள்ளிகள் சமம். இனி கோல் வித்தியாசம்தான் வழி. அவர்களுக்குள் அடித்துக்கொண்டதும் சமம் என்பதால், மூன்றாவது அணியின் வலைக்குள் யார் அதிகம் அடித்தார்கள் என்று எண்ண வேண்டியிருந்தது.

எண்ணினார்கள். பப்புவா நியூ கினிக்கு எதிராக ஆஸ்திரேலியா அடித்தது 8, பிறகு 12. நியூசிலாந்து 16, பிறகு 11. ஆக ஏழு கோல் கூடுதல். நியூசிலாந்து சீனாவுக்கு விமானம் ஏறியது, ஆஸ்திரேலியா வீட்டில் உட்கார்ந்தது. உலகக் கோப்பைக்குப் போவது யார் என்பதைத் தீர்மானித்தது இரண்டு பெரிய அணிகளின் மோதல் இல்லை. நான்கு ஆட்டங்களில் 47 கோல் வாங்கி, ஒரு கோல்கூடப் போடாமல் ஊர் திரும்பிய அந்த மூன்றாவது அணியின் வலைதான்.

பெண்கள் கால்பந்து வரலாற்றைப் புரட்டினால் 1991 சிட்னிப் போட்டிக்கு ஒரு வரி கிடைக்கும்: நியூசிலாந்து கோல் வித்தியாசத்தில் தகுதி பெற்றது. அந்த ‘கோல் வித்தியாசம்’ என்ற இரண்டு சொல்லுக்குள் ஒரு நாட்டின் பெண்கள் முழுசாகப் புதைந்து கிடக்கிறார்கள். இந்த வாரம் அவர்களைப் பற்றித்தான்.

பெரிய பயணமாயிற்றே, நியூசிலாந்து சீனாவில் என்ன செய்தது என்று கேட்பீர்கள். டென்மார்க்கிடம் 0-3, நார்வேயிடம் 0-4, சீனாவிடம் 1-4. அந்த ஒற்றை கோலை அடித்தவர் கிம் நை. பெண்கள் தாங்க மாட்டார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ, அந்தப் போட்டியில் ஆட்டங்களை 90 நிமிடத்துக்குப் பதில் 80 நிமிடத்திலேயே முடித்தார்கள். சிட்னியில் 27 கோல் அடித்தவர்களுக்குச் சீனாவில் கிடைத்தது ஒன்று. பசிபிக்கின் பெரிய மீன், பெரிய கடலில் நெத்திலி.

பப்புவா நியூ கினிக்கு வருவோம். 1975 செப்டம்பர் 16 வரை ஆஸ்திரேலியாவின் ஆட்சியில் இருந்த நாடு அது. சிட்னியில் அந்தப் பெண்கள் விளையாடியபோது சுதந்திரத்துக்கு வயது பதினாறுகூட ஆகவில்லை. எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள். மலைகளுக்கு நடுவே சாலையில்லாத பள்ளத்தாக்குகள். தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து இரண்டாவது பெரிய நகரமான லேவுக்குப் போவதென்றால்கூட விமானம்தான் அல்லது கப்பல். அங்கே மக்கள் உயிரை விடும் விளையாட்டு ரக்பி லீக். பள்ளிக்கூடத்துப் பெண்கள் நெட்பால் ஆடுவார்கள். கால்பந்து ஆடும் பெண்களைப் பல ஊர்களிலிருந்து பொறுக்கி, ஒரே இடத்தில் சேர்த்து, ஒரு மாதம் பயிற்சி கொடுப்பதென்பதே அங்கே ஒரு பெரிய காரியம்.

அந்தப் பெண்கள் அணிக்குப் பெயர் லகாட்டோய். அது ஒரு மரக்கலத்தின் பெயர். போர்ட் மோர்ஸ்பிக் கரையில் வாழும் மோட்டு மக்கள், பல தோணிகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துக் கட்டி, நண்டுக் கொடுக்கு போல விரியும் பாயை ஏற்றி, மேற்கே பப்புவா வளைகுடாவுக்குப் போவார்கள். ஹிரி என்று அந்த வணிகப் பயணத்துக்குப் பெயர். கலத்தில் ஏற்றிப் போகும் சரக்கு மண்பானை. அந்தப் பக்கம் கிடைப்பது சேகோ மாவு. நம் ஊர் ஜவ்வரிசி சேலத்து மரவள்ளிக்கிழங்கில் செய்வது. அங்கே அது பனை வகை மரத்தின் சோற்றிலிருந்து எடுப்பது, பஞ்ச காலத்தில் உயிர் காக்கும் உணவு. கப்பல் ஓட்டியது ஆண்கள், பானை வனைந்தது பெண்கள். பானை இல்லாவிட்டால் பயணமே கிடையாது. பெண்கள் அணிக்கு இந்தப் பெயரைச் சூட்டியவர் யாராக இருந்தாலும் விவரம் தெரிந்தவர்.

கலம் உடனே கரை சேர்ந்துவிடவில்லை. அடுத்த கோப்பை போர்ட் மோர்ஸ்பியிலேயே நடந்தது. அதே மூன்று அணிகள். இந்த முறை ஆஸ்திரேலியா ஜெயித்து 1995-ல் ஸ்வீடனில் நடந்த உலகக் கோப்பைக்குப் போனது. 1998-ல் ஆக்லாந்தில் ஆறு அணிகள் சேர்ந்தன. அக்டோபர் 9, ஒரே நாள்: நியூசிலாந்து சமோவாவை 21-0, ஆஸ்திரேலியா அமெரிக்கன் சமோவாவை 21-0. இரண்டு நாட்டுப் பெண்கள் அணிகளின் சாதனைப் பட்டியலிலும் ‘மிகப் பெரிய வெற்றி’ என்று இன்றும் நிற்பவை அந்த இரண்டு ஆட்டங்கள்தாம். மூன்று வருஷம் கழித்து ஆண்கள் பிரிவில் ஆஸ்திரேலியா அமெரிக்கன் சமோவாவை 31-0 என்று அடித்தபோது உலகமே சிரித்தது, சினிமாவும் எடுத்தார்கள். பெண்கள் வாங்கிய 21-ஐப் பற்றிச் சிரிக்கக்கூட ஆளில்லை.

இந்த எண்களைப் பார்த்துத் தீவுப் பெண்களுக்கு ஆட்டம் வராது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. எனக்கு அது சோம்பேறித்தனமான முடிவாகப் படுகிறது. நான்கு வருஷத்துக்கு ஒரு முறை கூப்பிட்டு, ஒரே வாரத்தில் நான்கு ஆட்டம் ஆடவைத்து, மறுபடி நான்கு வருஷம் கண்டுகொள்ளாமல் விட்டால் எந்த அணிக்கு ஆட்டம் வரும்? நியூசிலாந்து 1975-லேயே ஹாங்காங் போய் ஆசியக் கோப்பையை ஜெயித்து வந்த அணி. அதன் எதிரே நிறுத்தப்பட்டவர்களில் பலருக்கு அதுவே முதல் வெளிநாட்டு ஆட்டம். போதாக்குறைக்கு, நீண்ட நாள் ஆடாத அணியின் பெயரை ஃபிஃபா தரவரிசையிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஆட வாய்ப்பே இல்லாதவளுக்கு ஆடாத குற்றத்துக்குத் தண்டனை.

திருப்பம் 2003-ல் வந்தது, அதுவும் வேறு வாசல் வழியாக. ஃபிஜியின் சுவாவில் நடந்த தென் பசிபிக் விளையாட்டுப் போட்டியில் முதன்முறையாகப் பெண்கள் கால்பந்தைச் சேர்த்தார்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இல்லாத களம். தீவுக்காரர்களுக்குள்ளே போட்டி. தங்கம் பப்புவா நியூ கினிக்கு. 2007-ல் அப்பியா, 2011-ல் நூமியா, 2015-ல் சொந்த மண்ணான போர்ட் மோர்ஸ்பி, 2019-ல் மறுபடி அப்பியா. அத்தனையிலும் அவர்களே. சிட்னியில் படியளக்கப் பயன்பட்ட மரக்கால், தீவுகளுக்குள் அசைக்க முடியாத ராணியாக இருந்தது. வெளியே யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

2006-ல் ஆஸ்திரேலியா ஓஷியானியாவை விட்டு ஆசியாவுக்குப் போனது. ஒரு பங்காளி போனதும் மற்றவருக்குக் கொண்டாட்டம். 2007, 2010, 2014, 2018 என்று நான்கு கோப்பைகளையும் நியூசிலாந்து அள்ளியது. 2010 இறுதிப் போட்டியில் எதிரே நின்றது பப்புவா நியூ கினி. கோல் கணக்கு 11-0. இருபது வருஷத்தில் 16 என்பது 11 ஆனது ஒரு முன்னேற்றமா என்று கேட்கலாம். நான்கு வருஷம் பொறுங்கள்.

2014 அக்டோபரில் போட்டி நடந்த ஊர் கொக்கோப்போ. ரபால் நகரம் 1994-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்தபின் கிழக்கு நியூ பிரிட்டன் மாகாணத்தின் தலைமையகமாக வளர்ந்த கடலோர ஊர். அங்கே நியூசிலாந்து டோங்காவை 16-0 என்றும் குக் தீவுகளை 11-0 என்றும் வழக்கம்போல் வெளுத்தது. பப்புவா நியூ கினியோடு 3-0. மூன்றே கோல்! இந்தத் தொடருக்காகப் பழைய ஆட்டக் கணக்குகளை அடுக்கி வைத்துப் பார்த்தபோது என் பென்சில் நின்ற இடம் இதுதான்.

2016-ல் 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பை. நடத்த வேண்டிய தென்னாப்பிரிக்கா கையை விரித்துவிட, பப்புவா நியூ கினி முன்வந்தது. 2015 பசிபிக் போட்டிக்காகச் செலவழித்துக் கட்டிய அரங்குகள் தயாராக இருந்தன. அதற்கு முன் எந்தப் பசிபிக் தீவு நாடும் இவ்வளவு பெரிய ஃபிஃபா போட்டியை நடத்தியதில்லை. உள்ளூர்ப் பெண்கள் மூன்று ஆட்டங்களிலும் தோற்றார்கள். பிரேசில் 9 கோல் அடித்தது. ஆனால் அந்தப் பெண்களில் சிலர்தான் வளர்ந்து பெரியவர்கள் அணிக்குள் வந்தார்கள். சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னே பிரேசிலிடம் வாங்கிய அடி, ஊரில் பத்து வருஷம் ஆடியும் வராத பாடத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கும்.

2018-ல் சறுக்கல். நியூ கலிடோனியாவில் அரையிறுதியோடு பப்புவா நியூ கினி வெளியேற, அவர்களை வென்ற ஃபிஜி முதல் தடவையாக இறுதிக்குப் போய் நியூசிலாந்திடம் 8-0 என்று தோற்றது. ஏறுமுகம் என்று நினைத்த கோடு சட்டென்று கீழே வந்தது. வரலாறு நாம் வரையும் கோட்டுக்கு அடங்குவதில்லையே.

2022 ஜூலை, சுவா. ஒன்பது அணிகள். நியூசிலாந்து வரவில்லை, அடுத்த ஆண்டு உலகக் கோப்பையை ஆஸ்திரேலியாவோடு சேர்ந்து நடத்துவதால் அதற்குத் தகுதிச்சுற்று தேவையில்லை. 1983-ல் நூமியாவில் தொடங்கிய கோப்பைக்கு முதல் தடவையாகத் தீவு நாடு ஒன்று சொந்தக்காரராகப் போகிறது. ஜூலை 30 அன்று இறுதியில் ஃபிஜியும் பப்புவா நியூ கினியும். கூட்டம் முழுக்க ஃபிஜி பக்கம். லகாட்டோய் 2-1 என்று ஜெயித்தது. சிட்னிக்கும் சுவாவுக்கும் நடுவே 31 வருஷம்.

நியூசிலாந்து இல்லாத கோப்பை அரைக் கோப்பைதானே என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. அரையாக இருந்தது கோப்பை இல்லை, அதற்குக் கொடுத்த டிக்கெட். முன்பெல்லாம் இதை ஜெயித்தால் நேராக உலகக் கோப்பைதான். இந்த முறை ஜெயித்தவர்களுக்குக் கிடைத்தது கண்டங்களுக்கிடையிலான ப்ளே-ஆஃபில் ஓர் இடம். நியூசிலாந்து விருந்து கொடுப்பவராகப் போய்விட்டதால் மிச்சமிருந்தவர்களுக்குப் பின்வாசல் டோக்கன். 2023 பிப்ரவரியில் நியூசிலாந்தின் ஹாமில்டனில் பனாமாவோடு ஆடி, 0-2 என்று தோற்றார்கள். பனாமா அடுத்த ஆட்டத்தில் பராகுவேயையும் வென்று உலகக் கோப்பைக்குப் போனது.

அந்த ஜூலையில் ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில், 42,137 பேர் முன்னிலையில், ஹன்னா வில்கின்சன் அடித்த ஒரே கோலில் நியூசிலாந்து நார்வேயை வென்றது. உலகக் கோப்பையில் அவர்களுக்கு அதுதான் முதல் வெற்றி. 1991-ல் சீனாவுக்குப் போனதிலிருந்து 32 வருஷம் காத்திருந்து கிடைத்தது. அதே ஆண்டின் இறுதியில் ஹோனியாராவில் நடந்த பசிபிக் போட்டியில் பப்புவா நியூ கினிப் பெண்கள் ஆறாவது முறையாகத் தங்கம் வாங்கினார்கள். முதல் செய்தி உலகம் முழுக்க வந்தது. இரண்டாவதைப் பற்றி இந்த வரியில்தான் உங்களில் பலர் முதன்முதலாகப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

சுவாவில் தோற்ற ஃபிஜியின் கதை பாக்கி இருக்கிறது. 1938-ல் அங்கே கால்பந்துச் சங்கம் தொடங்கியபோது அதன் பெயரிலேயே ‘இந்தியன்’ இருந்தது; கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனவர்களின் பிள்ளைகள் வளர்த்த ஆட்டம் அது. நாடியில் 1926-ல் பிறந்த தென்னிந்தியர்களின் சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் ஆண்டுதோறும் கால்பந்துப் போட்டி நடத்துகிறது. அந்த மைதானங்களில் பெண்கள் எப்போது இறங்கினார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.