வேகம் கூட்டிய கணினியும் ஒன்பதுச் சோதனையும்

கணினியின் மூளையான பிராசசருக்கு ஒரு தாளம் உண்டு. ஒரு சிறிய படிகத் துண்டு துடிக்க, அந்தத் துடிப்புக்கு ஏற்ப அது கணக்குப் போடும். கம்பெனி நிர்ணயித்த தாளத்தை விட வேகமாக அதை ஓட்டுவதற்கு 'ஓவர்கிளாக்கிங்' என்று பெயர். இன்றைய பிள்ளைகள் இதைத் தங்கள் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறார்கள். இதற்கு வயது நாற்பதுக்கு மேல்.

1984-இல் ஐபிஎம் நிறுவனம் 'பிசி ஏடி' என்ற கணினியை வெளியிட்டது. அதில் 12 மெகாஹெர்ட்ஸ் படிகம் இருந்தது. அதில் பாதியாக, 6 மெகாஹெர்ட்ஸில் பிராசசர் ஓடியது. படிகத்தைக் கழற்றிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்றைச் சொருகினால் அதே இயந்திரம் 8-இல் ஓடும் என்று சிலர் கண்டுகொண்டார்கள். செலவோ சொற்பம். இது பரவியதும், அடுத்து வந்த மாதிரிகளில் இயந்திரம் தொடங்கும்போதே வேகத்தைச் சோதித்துப் பார்க்கும் ஏற்பாட்டை ஐபிஎம் சேர்த்தது.

கம்பெனி சொன்னதற்கு மேல் எப்படி ஓடுகிறது என்று கேட்கலாம். மண்டியில் மஞ்சளைத் தரம் பிரிப்பது போலத்தான் இதுவும். ஒரே உலையில் வந்த சில்லுகளைச் சோதித்து, இது இந்த வேகம், அது அந்த வேகம் என்று முத்திரை குத்துகிறார்கள். மலிவு ரகத்துக்குத் தேவை அதிகமானால், நல்ல சரக்குக்கும் கீழ்த்தர முத்திரை விழும். 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ இதில் பேர் போனது. 300 மெகாஹெர்ட்ஸ் என்று விற்கப்பட்ட அதில் பல, பலகையின் தாளத்தை 66-லிருந்து 100 ஆக்கினால் 450-இல் சாதாரணமாக ஓடின. அன்றைக்கு 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-இன் விலை பல மடங்கு. 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஏஎம்டி நிறுவனத்தின் ஆத்லான், டியூரான் சில்லுகளின் மேல் துண்டிக்கப்பட்டிருந்த சில புள்ளிகளைச் சாதாரணப் பென்சிலால் தேய்த்து இணைத்தே பூட்டைத் திறந்தார்கள். பென்சில் கரி மின்சாரம் கடத்தும் அல்லவா!

ஆனால் ஓசியில் வரும் வேகத்துக்கும் ஒரு விலை உண்டு. இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் கண்டன்சர் போட்டு மூன்று பேஸ் மோட்டாரை ஓட்டியவர்கள் நம் பக்கத்துத் தோட்டங்களில் நிறைய உண்டு. தண்ணீர் வரும். ஆனால் காயில் சூடாகிக்கொண்டே இருக்கும். கணினியிலும் அப்படித்தான். வேகத்தைக் கூட்டினால் ஒவ்வொரு துடிப்புக்கும் கிடைக்கும் அவகாசம் குறைகிறது. அதை ஈடுகட்ட வோல்டேஜைக் கூட்டுகிறார்கள். வெப்பமோ வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு வர்க்கமாகவும் ஏறும். வேகத்தை 20 சதவீதமும் வோல்டேஜை 10 சதவீதமும் கூட்டினால், வெப்பம் ஏறக்குறைய 45 சதவீதம் கூடும்.

மகளைக் கட்டிக் கொடுத்த ஊர் என்பதால் ஓய்வுக்குப் பின் நான் கொடுமுடிக்கு வந்து சேர்ந்தேன். பேரன் கல்லூரியில் படித்தபோது கோர்த்த கணினியைப் புதிது வாங்கியதும் எனக்குக் கொடுத்துவிட்டான். மேலே சொன்ன 20-ம் 10-ம் அதில் அவன் வைத்திருந்த அளவுகள்தான். தை, மாசியில் ஒரு குறையும் இல்லை. சித்திரை வெயிலில் திரை நீலமாகி நின்றுபோகத் தொடங்கியது. ஈரோடும் கரூர் பரமத்தியும் வெப்பச் செய்தியில் தினமும் அடிபடும் நாட்கள் அவை. நாற்பது வருட குமாஸ்தா பழக்கம், நின்ற நேரத்தையெல்லாம் நோட்டில் குறித்து வைத்தேன். எல்லாமே பிற்பகல் இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில். ராம் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார் கடைக்காரர்.

நின்றுபோனது கூடப் பரவாயில்லை. காரைக்கால் வீட்டுப் பழைய படங்களை ஸ்கேன் செய்து அதில் சேர்த்திருந்தேன். ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய 212 படங்களில் 9 படங்கள், மேல் பாதி முகமும் கீழ் பாதி சாம்பல் நிறமுமாகத் திறந்தன. என் அம்மா கிணற்றடியில் நிற்கும் 1961-ஆம் வருடப் படமும் அதில் ஒன்று. அதன் அச்சுப் பிரதியைக் கரையான் ஏற்கெனவே தின்றுவிட்டது. கணினி ஒரு எச்சரிக்கையும் காட்டவில்லை. 'நகல் முடிந்தது' என்றுதான் சொன்னது.

இதுதான் விஷயத்தின் மையம். நின்றுபோகும் இயந்திரம் தன் குறையைச் சொல்லிவிடுகிறது. தப்பான விடையைச் சரியான விடை போலத் தரும் இயந்திரத்தைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அதைப் பிடிக்க ஒரே வழி, விடை முன்பே தெரிந்த கணக்கைக் கொடுத்துப் பார்ப்பது.

காரைக்காலில் நான் பிரெஞ்சு வழியில் படித்தபோது பெருக்கல் போட்டால் 'ப்ரேவ் பார் நேஃப்', அதாவது ஒன்பதால் சோதனை, போட்டுக் காட்டாமல் சிலேட்டைக் கீழே வைக்க முடியாது. 47-ஐ 35-ஆல் பெருக்கினால் 1645. 4-ம் 7-ம் 11, அதாவது 2. 3-ம் 5-ம் 8. இரண்டையும் பெருக்கினால் 16, அதாவது 7. விடையின் இலக்கங்களைக் கூட்டினாலும் 16, அதே 7. சரி. ஆனால் இலக்கம் மாறி 1654 என்று எழுதினாலும் 7 தான் வரும். ஆகவே ஒரு சோதனையோடு நிறுத்தாதே என்பார் எங்கள் ஆசிரியர்.

கணினிக்கும் அப்படி ஒரு சோதனை உண்டு. அதன் வேரும் பிரான்சில்தான் இருக்கிறது. மாரேன் மெர்சேன் என்ற துறவி 1644-இல், இரண்டை எத்தனை முறை தன்னோடு பெருக்கி ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும் என்று ஒரு பட்டியல் தந்தார். 257 வரையான அந்தப் பட்டியலில் 67-ம் 257-ம் தவறாகச் சேர்ந்திருந்தன. 61, 89, 107 விடுபட்டிருந்தன. 67 தவறு என்று பிரெஞ்சுக்காரர் எதுவார் லூக்கா காட்டியது 1876-இல். ஒரு பிழையைப் பிடிக்க 232 ஆண்டுகள்!

1996-இல் அமெரிக்கரான ஜார்ஜ் வோல்ட்மன், இத்தகைய எண்களை வீட்டுக் கணினிகளின் ஓய்வு நேரத்தில் தேடும் கூட்டு முயற்சியைத் தொடங்கினார். அவ்வருடம் நவம்பரிலேயே பாரிஸின் ஜோயல் ஆர்மங்கோ 4,20,921 இலக்கம் கொண்ட ஒரு பகா எண்ணைக் கண்டார். வாரக்கணக்கில் ஓடும் கணக்கில் ஒரு இடத்தில் பிசகினாலும் அத்தனையும் வீண். அதனால் இயந்திரம் நம்பத்தக்கதா என்று பார்க்க, 'பிரைம்95' என்ற அந்த நிரலில் ஒரு வதைச் சோதனையையும் வைத்தார் வோல்ட்மன். முழு எண் வர வேண்டிய இடத்தில் பின்னம் வந்தால் உடனே நிறுத்தும். கடைசி விடையைத் தெரிந்த விடையோடு ஒப்பிடும். வேகம் கூட்டுபவர்கள் எல்லோரும் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

என் வீட்டில் பேரன் செய்த வரிசையைச் சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்வது என்று முடிவு செய்துகொண்டோம். முதலில் ராமைச் சோதிக்கும் 'மெம்டெஸ்ட்' நிரலைக் கூட்டிய வேகத்திலேயே ஓட விட்டான். நள்ளிரவுக்குள் பிழைகள் வந்தன. பிறகு பயாஸில் எல்லாவற்றையும் கம்பெனி அளவுக்குத் திருப்பி மறுநாள் இரவு முழுக்க ஓட விட்டான். ஒரு பிழையும் இல்லை. ராம் கெடவில்லை, வேகம்தான் கெடுத்தது என்று தெரிந்தது. மூன்றாவதாக விசிறியில் அடைந்த தூசியைத் தட்டி, காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றினான். கடைசியாகப் பிற்பகல் வெயிலில் பிரைம்95. மூன்று மணி நேரமும் சுத்தம்.

"கொஞ்சம் மட்டும் கூட்டி வைக்கட்டுங்களா அப்புச்சி?" என்றான்.

"வேண்டாம் சாமி, எனக்கு அவசரம் ஒன்றுமில்லை" என்றேன்.

பயனர் கூட்டாமலே கம்பெனி அளவே அதிகமாகிவிடுவதும் உண்டு. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிப் பிராசசர்கள் பல, காரணம் புரியாமல் நிலைகுலைந்தன. தேவைக்கு மேல் போன வோல்டேஜ்தான் உள்ளே தேய்மானத்தை உண்டாக்கியது என்று 2024-இல் நிறுவனமே சொன்னது. திருத்தக் குறியீடு வெளியிட்டது, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சில்லை அந்தத் திருத்தம் பழையபடி ஆக்காது. எரிந்த காயிலுக்குப் பிறகு ஸ்டெபிலைசர் வாங்கி என்ன பயன்?

என் வயதுக்காரர்கள் பலரும் இப்போது பழைய படங்களையும் பத்திரங்களையும் கணினியில் ஏற்றி வருகிறோம். பிள்ளைகள் கொடுத்த பழைய இயந்திரத்தில் ஏற்றுவதானால், முதலில் அது கம்பெனி வேகத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு இரவு மெம்டெஸ்ட் ஓட விடுங்கள். படத்தை மாற்றியபின் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். அதுவரை அச்சுப் பிரதியைத் தூக்கிப் போடாதீர்கள், மூலக் கோப்பை அழிக்காதீர்கள். ஆபீசில் நகல் எடுத்தால் 'ஒப்பு நோக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மூலத்தை ரெக்கார்டு ரூமுக்கு அனுப்புவோம். கணினிக்கும் அந்த விதியே பொருந்தும்.