ஆம்லஜனியும் காபனீரொட்சைட்டும்

போன வாரம் மகள் வேதியியல் நோட்டோடு வந்து நின்றாள். "அப்பா, இந்தப் பேரெல்லாம் எப்படி ஞாபகம் வச்சுக்கறது?" நான் பி.காம். டெபிட், கிரெடிட் தாண்டிப் போனதில்லை. ஆனாலும் அப்பா ஆயிற்றே, உட்கார்ந்து படித்தேன் :-)

எனக்குச் சொந்த ஊர் சித்தூர் பக்கம் காணிப்பாக்கம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. எங்கள் வயதான சயன்ஸ் சார் ஆக்சிஜனை 'ஆம்லஜனி' என்பார், ஹைட்ரஜனை 'உதஜனி' என்பார். அமிலத்தைப் பிறப்பிப்பது, நீரைப் பிறப்பிப்பது என்று பொருள். லவாய்சியே கிரேக்கத்திலிருந்து எடுத்த பெயர்களின் நேர் மொழிபெயர்ப்பு அவை என்பது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் உண்டு என்று அவர் நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது இல்லை என்று 1810-இல் ஹம்ப்ரி டேவி காட்டினார். நம்பிக்கை போனது, பெயர் நின்றுவிட்டது. அந்தப் பழைய தவறைத்தான் நான் தெலுங்கில் மனப்பாடம் செய்திருக்கிறேன்!

அதற்கு முன்னால் பெயர்களுக்கு ஒழுங்கே கிடையாது. நம் நாட்டு மருந்துக் கடையையே பாருங்கள். மயில்துத்தம், அன்னபேதி. இரண்டும் உறவு என்று பெயரைக் கேட்டால் தெரியுமா? காப்பர் சல்பேட், ஃபெரஸ் சல்பேட் என்றால் உடனே தெரிகிறது. 1787-இல் பாரீஸில் மார்வோ, லவாய்சியே, பெர்த்தொலே, ஃபூர்க்ருவா நால்வரும் செய்தது இதைத்தான்: உள்ளே என்ன இருக்கிறதோ அதையே பெயராக்கு. எங்கள் வங்கிக் கணக்குத் தலைப்பு மாதிரி. கரிமச் சேர்மங்களுக்கு 1892-இல் ஜெனீவாவில் விதி வகுத்தார்கள். 1919-இல் ஐயுபேக் என்ற சர்வதேச அமைப்பு பிறந்தது.

தமிழிலும் இந்தப் பாடு பட்டிருக்கிறார்கள். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அவர் முயற்சியில் 1875-இல் 'கெமிஸ்தம்' என்ற நூல் வந்தது. 1916-இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் கலைச்சொற்களுக்கென்றே ஒரு கழகம் தொடங்கிப் பத்திரிகையும் நடத்தினார்கள்.

இதையெல்லாம் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா வந்தார். நோட்டை எட்டிப் பார்த்து, "பிள்ளை, நாங்கள் இதைக் காபனீரொட்சைட்டு எண்டுதான் படிச்சனாங்கள்" என்றார். கார்பன் டை ஆக்சைடு! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. காபன், ஈர், ஒட்சைட்டு என்று பிரித்து எழுதிக் காட்டினார். உயிரெழுத்துக்கு முன்னால் இரண்டு 'ஈர்' ஆகும், ஒன்று 'ஓர்' ஆகும். நம் இலக்கணம்தான். கிரேக்க 'டை' வேலையைத் தமிழ் 'ஈர்' செய்கிறது.

மகள் கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்தாள். "அப்ப மோனாக்சைடுன்னா காபனோரொட்சைட்டா, ஆன்ட்டி?"

"அதேதான்!"

நான் கூரையைப் பார்த்தேன். குளிர் நாட்டு வீடுகளில் ஹீட்டருக்குப் பயந்து மாட்டும் கார்பன் மோனாக்சைடு அலாரம் அங்கே இருந்தது. ஈர் என்றால் சோடா பாட்டிலில் பொங்குவது. ஓர் என்றால் மணமே இல்லாமல் தூக்கத்தில் ஆளைக் கொல்வது. ஒரே ஓர் எழுத்து!

வீட்டுத் தமிழ் இங்கே எதற்கு உதவும் என்று கேட்கும் நண்பர்களுக்கு, இனி இந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.