யந்திரம் விட்ட மிச்சம்

கவிதையை மொழிபெயர்க்க முடியுமா என்று ஆரம்பித்து முடியாது என்று முடிக்கிற கட்டுரைகளில் ஒன்றிரண்டை நானும் எழுதியிருக்கிறேன். பிழைப்புக்காக நான் செய்கிற மொழிபெயர்ப்பைப் பற்றி எழுதியதில்லை. அது எழுதத் தகுந்த விஷயமாகவே படவில்லை. கூலி வேலைக்கு ஏது சரித்திரம் என்ற அலட்சியம்தான். கொஞ்சம் படித்துப் பார்த்தபின் அந்த அலட்சியம் போய்விட்டது. போனதில் எனக்குச் சந்தோஷம் ஒன்றுமில்லை.

வேலை இதுதான். கைபேசியில் வானிலை சொல்லும் செயலி ஒன்றைத் தமிழாக்க வேண்டும். செயலியை எனக்கு யாரும் காட்டவில்லை. கட்டம் போட்ட ஒரு பக்கம் வந்தது. இடப்பக்கம் ஆங்கில வாக்கியங்கள், வலப்பக்கம் காலி. ஊர் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு துளை. ஓடும்போது யந்திரம் அந்தத் துளையில் ஊரைப் போட்டுக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு இதில் கஷ்டமில்லை. துளைக்கு முன்னால் ஒரு சிறு சொல்லை நிறுத்தினால் போதும். தமிழில் உருபு பின்னால் வந்து ஒட்டுகிறது. ஒட்டுவதோடு நில்லாமல் ஊரையே மாற்றுகிறது. மதுரையில், ஈரோட்டில், விழுப்புரத்தில். துளைக்குப் பின்னால் 'இல்' என்று எழுதி அனுப்பினால் 'விழுப்புரம்இல் மழை' பெய்யும்.

நம் இலக்கணத்தின் கோளாறு இது என்று ஆரம்பத்தில் நினைத்தேன். வாக்கியத்தைத் துளை போட்டு விற்கலாம் என்று முடிவு செய்தவர்களின் கோளாறு என்பது பிறகுதான் உறைத்தது. அந்த முடிவு எங்கே ஆரம்பித்தது என்று தேடிப் போனேன்.

வாரன் வீவர் 1949 ஜூலையில் ஒரு குறிப்பு எழுதிச் சுற்றுக்கு விட்டார். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையில் விஞ்ஞானப் பிரிவின் தலைவர். யுத்தத்தில் சங்கேதங்களை உடைத்த வெற்றி எல்லோர் மனத்திலும் சூடாக இருந்த காலம். ரஷ்ய மொழிக் கட்டுரை என்பது வேறு குறிகளில் மறைத்து எழுதப்பட்ட ஆங்கிலக் கட்டுரைதான், சங்கேதத்தை அவிழ்த்தால் ஆயிற்று என்பது அவர் யோசனை. அதற்கு இரண்டு வருஷம் முன்பே நார்பர்ட் வீனருக்கு எழுதிக் கேட்டிருந்தார். சொற்களின் எல்லைகள் அவ்வளவு கறாரானவை அல்ல என்று வீனர் கையை விரித்துவிட்டார். வீவர் விடவில்லை. எல்லா மொழிக்கும் அடியில் ஆங்கிலம் இருக்கிறது என்ற நம்பிக்கை, ஒரு கவிஞன் சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். அறக்கட்டளைக்காரர் சொன்னதால் அது ஆராய்ச்சித் துறையாயிற்று.

1954 ஜனவரி 7 அன்று நியூயார்க்கில் ஐபிஎம் அலுவலகத்தில் ஒரு வேடிக்கை காட்டினார்கள். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம்மும் சேர்ந்து நடத்தியது. 250 சொற்கள், 6 இலக்கண விதிகள். ரஷ்ய மொழியில் ஒரு சொல்லும் தெரியாத ஒரு பெண் அட்டைகளில் துளையிட்டுக் கொடுக்க, யந்திரம் ஆங்கிலத்தில் அச்சடித்தது. ஐந்து வருஷத்துக்குள், ஒருவேளை மூன்றே வருஷத்துக்குள், காரியம் கைகூடும் என்று அதை நடத்திய லியோன் டாஸ்டர்ட் சொன்னார். பத்திரிகைகள் நம்பின. பணமும் நம்பியது.

நம்பாதவர் யெஹோஷுவா பார்-ஹில்லெல். இந்தத் துறைக்கென்றே 1951இல் எம்.ஐ.டி.யில் முழுநேர வேலைக்கு அமர்த்தப்பட்ட முதல் ஆள் அவர்தான் என்பது இதில் ருசிகரமான அம்சம். 1960இல் ஓர் உதாரணம் காட்டினார். ஆங்கிலத்தில் பேனாவுக்கும் குழந்தைகள் விளையாடும் அடைப்புக்கும் ஒரே சொல். அதற்குள் ஒரு பெட்டி இருந்தது என்று வாக்கியம் வந்தால் அது பேனா அல்ல என்று நமக்குத் தெரியும். எந்த அகராதியும் அதை நமக்குச் சொல்லித் தரவில்லை. பேனாவையும் பெட்டியையும் கையால் தொட்டிருப்பதால் தெரிகிறது. 1966 நவம்பரில் ஜான் பியர்ஸ் தலைமையிலான அமெரிக்கக் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. யந்திரத்தின் மொழிபெயர்ப்பைத் திருத்தி எடுப்பது, மனிதனே முதலிலிருந்து செய்வதைவிட வேகமும் இல்லை, மலிவும் இல்லை என்றது. அமெரிக்காவில் பணம் வற்றிவிட்டது. இந்த அறிக்கையைத் துறைக்காரர்கள் இன்றும் ஒரு கொலையாகவே பேசுகிறார்கள். மொழிபெயர்ப்பாளனைத் தேடிப் போய் அவன் வேலையைக் கூர்ந்து பார்த்த ஆவணம் அது என்பது என் எண்ணம். பின்னிணைப்புகளில் ஒன்று லக்ஸம்பர்கில் நடந்த ஒரு காரியத்தை விவரிக்கிறது. மொழிபெயர்ப்பாளன் தனக்குச் சிக்கலான சொற்களைக் கோடிட்டுக் கொடுப்பான். கம்ப்யூட்டர், ஏற்கெனவே மொழிபெயர்க்கப்பட்டவற்றில் அதை ஒத்த வாக்கியத்தைத் தேடித் தரும். கேட்பவன் அவன். எடுப்பதும் விடுவதும் அவன் இஷ்டம்.

இனி மாண்ட்ரீல். இங்கேதான் என் வானிலை வருகிறது. கனடாவில் 1969இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அரசு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசியாக வேண்டும். வானிலை அறிக்கைகள் ஆங்கிலத்தில் நாள் முழுக்க வந்துகொண்டிருக்கும். ஓரளவு மேகமூட்டம், மாலையில் தெளிவு, காற்று மேற்கிலிருந்து. மறுநாளும் அதே மேகம். அந்த நாற்காலியில் உட்கார்த்தப்பட்ட மொழிபெயர்ப்பாளர்கள் சில மாதங்களில் வேறு வேலை தேடி ஓடினார்கள். மாண்ட்ரீல் பல்கலைக்கழகக் குழு செய்துகொடுத்த 'மெதெயோ' என்ற யந்திரம் 1977 மே மாதம் வேலைக்கு வந்தது, 2001 வரை ஓடியது. அது ஜெயித்ததன் காரணம் எளியது. அந்த அறிக்கைகளில் காலம் காட்டும் வினைச்சொல் கிடையாது. சொற்கள் கொஞ்சம், மீதி ஊர் பெயர்கள். பாஷை ஏற்கெனவே மெலிந்து தந்தியாகியிருந்தது. யந்திரம் அந்தத் தந்தியைத்தான் படித்தது. (இதே குழுவிடம் விமானப் பராமரிப்புக் கையேடுகளைக் கொடுத்தபோது திணறியது. 1981இல் அதை நிறுத்தினார்கள்.) தனக்குப் புரியாத வாக்கியத்தை மெதெயோ தொடாது. ஒதுக்கி மனிதனிடம் தள்ளிவிடும். இந்த ஒரு குணத்துக்காக அந்த யந்திரத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. நம் விமர்சகர்கள் பலரிடம் காண முடியாத குணம்.

மனிதன் வெறுத்ததை யந்திரம் எடுத்துக்கொண்டது; யந்திரம் விட்ட மிச்சம் யோசிக்கத் தகுந்ததாக இருந்தது. மொழிபெயர்ப்பாளர்கள் நாற்காலியில் தங்க ஆரம்பித்தார்கள்.

இந்த ஒழுங்கைக் கொள்கையாக எழுதியவர் மார்ட்டின் கே. கேம்பிரிட்ஜில் மார்கரெட் மாஸ்டர்மனிடம் வேலை பழகியவர். மாஸ்டர்மன் விட்கென்ஸ்டைனின் மாணவி. 1968இல் லண்டனில் ஒரு கண்காட்சியில் கம்ப்யூட்டரை ஹைக்கூ எழுத வைத்தவர். அந்த ஹைக்கூக்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் மனித மனத்தையும் யந்திரத்தையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கிற துணிச்சல் அங்கிருந்து வந்தது. 1980இல் கே, பாலோ ஆல்டோவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்தபடி, மொழிபெயர்ப்பில் மனிதனுக்கும் யந்திரத்துக்கும் உரிய இடம் எது என்று ஒரு கட்டுரை எழுதினார். யந்திரம் எழுதுவினைஞனாக இருக்கட்டும். முதலில் திருத்தி எழுத உதவட்டும், பிறகு அகராதி பார்க்கட்டும், பிறகு இதைப் போன்ற பகுதியை முன்பு எப்படி மொழிபெயர்த்தாய் என்று எடுத்துக் காட்டட்டும். அதற்குமேல் ஒவ்வோர் அடியும் மொழிபெயர்ப்பாளன் கேட்டால்தான். அந்தக் கட்டுரை 17 வருஷம் உள்சுற்று அறிக்கையாகவே கிடந்து 1997இல்தான் ஒரு பத்திரிகையில் அச்சேறியது.

அதற்குள் அதில் பாதி யோசனை சந்தைக்கு வந்துவிட்டிருந்தது. ஸ்டுட்கார்ட்டில் 1984இல் மொழிபெயர்ப்பு நிறுவனமாக ஆரம்பித்த ட்ராடோஸ், தொண்ணூறுகளில் நினைவுக்கிடங்கு மென்பொருளை விற்றது. கம்ப்யூட்டர்க் கையேடுகள் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சமே மாறுகிறவை; பழைய வாக்கியம் திரும்ப வந்தால் பழைய மொழிபெயர்ப்பு தானாக எழுந்து நிற்கும். நியாயமான உதவிதான். உதவியாக இருந்தது கணக்காகியதில்தான் சூது. இந்த வாக்கியம் பழையதோடு நூற்றுக்கு எத்தனை பொருந்துகிறது என்று யந்திரம் சொல்லுமல்லவா? பொருத்தம் ஏற ஏறக் கூலி இறங்கியது. நூற்றுக்கு நூறு என்றால் அநேகமாக ஒன்றுமில்லை. கிடங்கும் எழுதியவனிடம் இல்லாமல் எழுதச் சொன்னவரிடம் போயிற்று. கே எழுதிய எழுதுவினைஞன் எஜமானனின் கணக்குப்பிள்ளையானான்.

அடுத்தது இன்னும் விசித்திரம். எண்பதுகளின் கடைசியில் ஐபிஎம்மின் யார்க்டவுன் ஹைட்ஸ் கூடத்தில் பீட்டர் பிரவுன், ராபர்ட் மெர்சர் முதலியோர் இலக்கணத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, கனடா பாராளுமன்ற நடவடிக்கைகளின் ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் அருகருகே வைத்து எந்தச் சொல் எதோடு எத்தனை தரம் வருகிறது என்று எண்ண ஆரம்பித்தார்கள். (1993இல் இருவரும் பங்குச்சந்தைக்குப் போய்விட்டார்கள், அங்கும் எண்ணுவதுதான் வேலை.) அந்தப் பிரெஞ்சை எழுதியது யார்? வானிலையிலிருந்து விடுதலை பெற்ற அதே அரசு மொழிபெயர்ப்புத் துறை. விடுபட்டவர்கள் கவனமாகச் செய்த வேலையே யந்திரத்துக்குத் தீனியாயிற்று. பெயரில்லாமல்.

தமிழ் 2011இல் கூகுள் மொழிபெயர்ப்பில் சேர்ந்தது. 2017இல் நரம்பு வலை முறைக்கு மாறியது. அதன் பிறகு எனக்கு வருகிற பக்கத்தில் வலப்பக்கம் காலியாக இருப்பதில்லை. யந்திரம் முன்பே எழுதி வைத்திருக்கிறது. நான் திருத்த வேண்டும். 1966இல் மலிவில்லை என்று கைவிடச் சொன்ன அதே வேலை இன்று மலிவாகியிருக்கிறது. யந்திரம் எவ்வளவோ தேறிவிட்டதை மறுப்பது அசட்டுத்தனம். கூலி அதைவிட வேகமாக இறங்கியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெதெயோவைப் போல இது புரியாததை ஒதுக்குவதில்லை. எல்லாவற்றையும் ஒரே தைரியத்தோடு சொல்கிறது. எது தவறு என்று தேடுவது என் பங்கு.

விழுப்புரத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஊர் பெயரை முன்னால் தனியாக நிறுத்தி, ஒரு முக்காற்புள்ளி போட்டு, 'இன்று மழை' என்றேன். பழைய தந்தி பாஷை. வினையும் இல்லை, உருபும் இல்லை. அழகில்லை, பிழையும் இல்லை. 'இல்' ஒட்டினால் ஏன் உடையும் என்று நான்கு ஊர்களை உதாரணம் காட்டி ஒரு குறிப்பும் இணைத்து அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து அடுத்த பதிப்பு வந்தது. அந்த வாக்கியம் சாம்பல் நிறத்தில் பூட்டப்பட்டிருந்தது. நூற்றுக்கு நூறு பொருத்தம், கூலி இல்லை, கை வைக்கக் கூடாது. வலப்பக்கத்தில் துளை, அதை ஒட்டி 'இல்'. யார் மாற்றினார்கள் என்று கேட்டேன். கிடங்கில் அப்படித்தான் இருக்கிறது என்று பதில் வந்தது.